பொடி எழுத்து ஆட்டக்காரர்கள்

டொலீடோ, ஒஹாயோ
மே 7, 1991

அன்புள்ள வெண்டல்,

லூ பெரான்டோ உன் கையை விட்டுப் போய்விட்டான். நான் எடுத்துக்கொண்டேன். நேற்று மெர்வின் முடிதிருத்தும் கடையில் உறைகளைப் பிரித்தார்கள். என்னைத் தவிர அவனுக்கு விலை கேட்டவர் யாருமில்லை.

முதலில் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மலைப் பக்கம் பனி உருகிவிட்டதா? என் இடுப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் இனிமேல் கடையில் அடுப்பு தூக்குவதில்லை, ஆள் வைத்துத்தான் தூக்குகிறேன்.

இப்போது சொல். காயப் பட்டியலில் வைத்த ஆள் குணமாகி மைதானத்தில் இறங்கினால், இரண்டு வாரத்துக்குள் "திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று மெர்வுக்கு எழுதிப்போட வேண்டும். போடாவிட்டால் அவன் உதிரி, யாரும் கேட்கலாம். இந்த விதியை எழுதியதே நீதான். பெரான்டோவைப் பேப்பரின் பொடி எழுத்திலிருந்து தோண்டி எடுத்ததும் நீதான். அவன் இறங்கிய செய்தியும் அதே பொடி எழுத்தில்தான் வந்தது. தூங்கிவிட்டாயா?

போன வாரம் கடையை மூடும் ஒரு கிரேக்கரிடம் பழைய கிரில் வாங்கப் போனேன். கையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, "நீங்க பேஸ்பால் ஆடுறீங்களாம்மா?" என்றார்.

"ஆடல. வெச்சிருக்கேன்."

"என்னத்த?"

"ஆட்டக்காரங்கள. இருபத்து மூணு பேர்."

வசந்தத்தில் பத்துப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, நிஜமான ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் ஏலம் எடுத்துக்கொள்வோம், அவர்கள் எங்கோ அடிப்பது எங்கள் கணக்கில் ஏறும், யாரும் எடுக்காதவன் உதிரி, அவனுக்கு மட்டும் மூடிய உறையில் விலை எழுதித் தபாலில் போடுவோம் என்று விளக்கினேன். அவர் கிரில்லைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். "அப்போ அவங்களுக்குச் சாப்பாடு யாரு போடுறா?" என்றார்.

போனில் பேசிய பேரம் செல்லாது என்ற விதியும் உன்னுடையதுதான். அதனால் கடிதமாகவே திட்டு.

உன் அக்கா,
ஆர்லீன்
(பழைய அடுப்புகள் அணி)

*

கலிஸ்பெல் அருகே, மொன்டானா
மே 18

அன்புள்ள அக்கா,

திருடி. இந்தத் திருட்டோடு நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் படியில் மட்டும் முனகுகிறது. பனி போய்விட்டது, ஏரி நீல நிறத்துக்கு வந்துவிட்டது.

பெரான்டோ விஷயத்தில் என் தவறு ஒன்றுமில்லை. இங்கே பேப்பர் ஒரு நாள் வருகிறது, இரண்டு நாள் வருவதில்லை. வந்தாலும் மை போதாமல் அச்சடிக்கிறார்கள், பாதி எழுத்து காகிதத்திலேயே இல்லை. அதுபோல உன்னுடைய அந்த வெளிர் நீலப் பேனாவையும் தூக்கிப் போடு. மனுஷன் படிக்கிற கறுப்பு மையில் எழுது.

பள்ளி பஸ் நன்றாக ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு நாள் எண்ணிக்கொண்டு கத்துகிறார்கள். ஹென்றிக்சன் வீட்டுக்காரர்கள் தபால் பெட்டியைச் சாலைப் பக்கம் தள்ளி நட்டுவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அதை லேசாகத் தொட்டது, பெட்டி விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தம்மா வெளியே வந்து பெட்டி நட்ட இடத்திலேயேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறாள். இருந்தால் நான் ஏன் இடிக்கிறேன்? இந்தப் பாதையை நான் கனவிலும் ஓட்டுவேன்.

பெரான்டோவை வைத்துக்கொள். பந்து வீசும் பிட்சர் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கியபின் நீ பல்லைக் கடிப்பாய்.

இடுப்பைப் பார்த்துக்கொள்.

வெண்டல்
(மஞ்சள் பஸ் அணி)

*

டொலீடோ
ஜூன் 4

அன்புள்ள வெண்டல்,

கறுப்பு மைதான், பார்த்துக்கொள். நான் சுகம். உனக்குத் தலைவலி ஏதாவது இருக்கிறதா?

நேற்று மெர்வ் உறைகளைப் பிரித்தான். உன்னுடையதை எடுத்து, "மஞ்சள் பஸ். ரெஜி டவ். அறுபது" என்று வாசித்தான். சவரம் செய்துகொண்டிருந்தவன்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வருஷம் முழுக்க உதிரி ஆட்களுக்கென்று அணிக்கு நூறு டாலர்தான் கொடுத்திருக்கிறது. அதில் அறுபது, ஒரு ஆளுக்கு.

பின்னாலிருந்து யாரோ, "அறுபதா, ஆறா? மெர்வ், கண்ணாடியப் போட்டுப் படி" என்றான். மெர்வ் கண்ணாடி போட்டுத்தான் இருந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. "அவன் ஏதோ பாத்திருப்பான். நமக்குத் தெரியாதத எப்பவும் மொதல்ல பாக்கிறவன் அவன்தான்" என்றேன். மெர்வ் அறுபதைப் பதிந்துகொண்டான். ஆனால் வீட்டுக்கு வந்து பேப்பரைப் புரட்டினேன். ரெஜி டவ் ஒரு ஆட்டத்துக்கு எட்டு ஓட்டத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கிறான். நம் லீக்கில் அந்த எண் சின்னதாக இருந்தால்தான் லாபம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நியூயார்க்கில் ஒரே ஒரு ஆட்டத்தில் நன்றாக வீசினான், அன்று தலைப்பில் பெரிதாகப் போட்டார்கள். அவ்வளவுதான் அவன் சரக்கு.

உன் ஊர்ப் பேப்பரில் தப்பாக அச்சிட்டிருந்தால், அந்தத் துண்டை வெட்டி அனுப்பு. மெர்வின் மூஞ்சியில் அடித்து அறுபதைத் திரும்ப வாங்கித் தருகிறேன். அச்சுப் பிழையைக் காட்டினால் ஏலம் செல்லாது என்று விதி இருக்கிறது.

இன்னொன்று. உன் கையெழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வருகிறது. அங்கே காகிதம் இலவசமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

ஆர்லீன்

*

கலிஸ்பெல் அருகே
ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன். உடம்பு தேவலை. பள்ளி மூடிவிட்டார்கள். இனி செப்டம்பரில்தான் பஸ்.

இதோ துண்டு. மெர்விடம் காட்டு. ரெஜி டவ், மூன்று புள்ளி இருபத்தெட்டு. நான் அதன் கீழே சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். தப்பு என்றால் பேப்பர்க்காரன் தப்பு. அறுபதை மரியாதையாகத் திருப்பித் தரச் சொல்.

கடைசி நாளில் பிள்ளைகள் எனக்குக் கேக் கொண்டுவந்தார்கள். மேலே மஞ்சள் சர்க்கரையில் பஸ் வரைந்திருந்தது. முன் சீட்டில் ஒடெட் என்று ஒரு பெண் உட்காருவாள், இரண்டாம் வகுப்பு, பெரிய வாயாடி. அவளை என் துணை ஓட்டுநர் ஆக்கிவிட்டேன். மான் எங்கே நிற்கிறது, எதிரே லாரி வருகிறதா என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறாள். "மிஸ்டர் டபிள்யூ, மான். மிஸ்டர் டபிள்யூ, இன்னொரு மான்." மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். ஒரே சிரிப்பு. நீ ஒரு நாள் வந்து ஏறிப் பார்க்க வேண்டும்.

வெண்டல்

*

டொலீடோ
ஜூலை 5

அன்புள்ள வெண்டல்,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கடையில் விலை அட்டை எழுதும் தடித்த பேனாவால் எழுதுகிறேன். மற்றப் பேனாக்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

மெர்விடம் துண்டைக் காட்டவில்லை. காட்டிப் பலன் இருக்காது என்று தோன்றியது. அறுபது போனது போகட்டும்.

ஒரு பழைய வாடிக்கைக்காரர் வந்தார். பெர்ரிஸ்பர்க் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். என்னிடம் வரும்போதெல்லாம் தரையில் படுத்து, டார்ச் அடித்து, அடுப்பின் அடிவயிற்றில் துரு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பேரமே பேசுவார். நானே பயப்படுவேன். இந்தத் தடவை படுக்கவில்லை. மேலே எது பளபளக்கிறதோ அதைக் கையால் தடவிப் பார்த்து, "இதக் குடும்மா" என்றார். அடியில் ஓட்டை விழுந்த அடுப்பு அது.

"கீழ பாக்கலியா?" என்றேன்.

"முதுகு வலி" என்றார்.

நான் விற்கவில்லை. பளபளப்பைப் பார்த்து மட்டும் வாங்க ஆரம்பித்துவிட்ட ஆளுக்கு விற்றால் அது வியாபாரமில்லை. ஏன் சொல்கிறேன் என்றால், மனசில் கிடந்தது.

ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டே, அது எப்போது? பேப்பரைப் பகலில் படிக்கிறாயா, விளக்கு வெளிச்சத்திலா?

கார்ல் மென்சரை இன்னும் உன் ஆடும் வரிசையில் எழுதி அனுப்புகிறாய். அவனை மே மாதமே கீழ் லீக்குக்கு இறக்கிவிட்டார்கள். அந்த இடம் வாராவாரம் காலியாகக் கிடக்கிறது. மெர்வ் கறுவிக்கொண்டிருக்கிறான்.

ஒரு வரியாவது எழுது.

ஆர்லீன்

*

ஏரிக்கரை லீக்
செயலாளர் மெர்வின் ஸ்டக்கி
ஜூலை 15

மஞ்சள் பஸ் அணி உரிமையாளர் திரு. வெண்டல் நோவாட்னி அவர்களுக்கு,

நலம் பெருகட்டும். தங்கள் ஆடும் வரிசை தொடர்ந்து செல்லாத வரிசையாக வருகிறது. கீழ் லீக்கில் இருப்பவரையும், கை முறிந்து படுத்திருப்பவரையும் ஆடுவதாக எழுதுகிறீர்கள். விதிப்படி, கவனிக்காமல் விடப்பட்ட அணியை மற்ற ஒன்பது பேர் வாக்களித்து எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் தங்கள் இருபத்து மூன்று பேரும் உதிரிகள் ஆவார்கள். மாற்றங்களுக்கான கடைசித் தபால் முத்திரை ஆகஸ்ட் 31. அதற்குள் வரிசையைச் சரிசெய்யவும்.

இந்த விதியும் தாங்கள் எழுதியதே.

வெண்டல், என்னப்பா ஆச்சு உனக்கு? இதைச் செயலாளராகக் கேட்கவில்லை.

மெர்வ்

நகல்: ஆர்லீன்

*

கலிஸ்பெல் அருகே
ஜூலை 24

அக்கா,

நீ சுகமாக இருப்பாய், ஊரை என் மேல் ஏவிவிட்டு.

மெர்வுக்கு ஓதியது நீதானே? அந்த அடுப்புக்காரன் கதையை நான் புரிந்துகொள்ள மாட்டேன் என்று நினைத்தாயா? அப்பா உனக்கு ஒரு கைவண்டி கொடுத்தார், நீ அதை வைத்துக் கிடங்கு கட்டினாய், சந்தோஷம். அதற்காக எல்லோரையும் தட்டிப் பார்த்து விலை போடாதே.

பரிசோதனை போன வாரமே முடிந்தது. பாஸ். அந்த டாக்டர் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து ஒரே எழுத்துப் பலகையைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார். எனக்கு மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மனப்பாடம். இரண்டு பேரும் டெட்ராய்ட் அணியைப் பற்றிப் பேசிக்கொண்டே முடித்துவிட்டோம். என் பெயரில் இத்தனை வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. காலையில் அந்தப் பஸ்ஸைக் கிளப்பினால் நாற்பது பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்கள். உனக்கு அது புரியாது.

உன் கடையை நீ பார். என் பஸ்ஸை நான் பார்க்கிறேன்.

வெண்டல்

*

டொலீடோ
ஆகஸ்ட் 5

அன்புள்ள வெண்டல்,

நீ திட்டும் தெம்போடு இருக்கிறாய், அதுவரை நல்லது. நான் சரியாகச் சாப்பிடுவதில்லை. காரணம் கீழே.

நீ அனுப்பிய துண்டை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பிறகு கடைப் பையன்களிடம் காட்டினேன். அச்சில் பிழை இல்லை, மையிலும் குறை இல்லை. நீ சிவப்பில் கோடு போட்ட இடத்தில் இருப்பது மூன்று இல்லை, எட்டு.

அதன்பின் உன்னுடைய பழைய உறைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் நீ வாங்கியது அத்தனையும் பொடி எழுத்து ஆட்கள். பேப்பர்க்காரனுக்கே தெரியாதவர்கள். இந்த மே மாதத்துக்குப் பிறகு நீ கேட்ட ஒவ்வொருவனும் தலைப்பில் வந்தவன். வாங்குகிறவன் வழக்கத்தை மாற்றினால் ஒன்று அவன் பை மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண். உன் பை மாறவில்லை.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உன் பள்ளி அலுவலகத்தின் விலாசம் என்னிடம் இருக்கிறது. உறை எழுதி மேசை மேல் வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை. நான் எழுதினால் உன்னை விலக்கிவிடுவார்கள். விலக்கப்பட்டவன் உதிரி. நீயே போய்ச் சொன்னால் அது காயப் பட்டியல். அங்கே இருப்பவனுக்கு அணி இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறது, அவன் இடத்தை வேறு யாரும் விலைபேச முடியாது. இந்த வித்தியாசம் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நீ.

பேரம் பேசுகிறேன். பஸ் சாவியை நீயாகக் கொடு. பதிலுக்கு இசாயா கார்மனைத் தருகிறேன். ஆமாம், என்னுடைய கார்மன். ஒன்பது பேர் மூன்று வருஷமாகக் கேட்டும் தராதவன். அவன் இல்லாமல் இந்த வருஷம் என் அணி எழுந்திருக்காது, அது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 31 தபால் முத்திரை. அதற்கு அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. ஒடெட் முன் சீட்டில் ஏறுவாள். அவள் இப்போதுதான் மூன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, வெண்டல். அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் மானை யார் பார்ப்பது?

உன் அக்கா

*

டொலீடோ
ஆகஸ்ட் 16

வெண்டல்,

எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. பேரம் பேச அல்ல, குரல் கேட்கத்தான். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். அவர் இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நேற்று ஒரு பெரிய ஐஸ் பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். கவனம் இல்லை.

மேசை மேல் இருக்கும் உறைக்கு ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன். என்னை அதைத் தபால் பெட்டியில் போட வைக்காதே.

ஆர்லீன்

*

கலிஸ்பெல் அருகே
ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்கா,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது திருமதி ஹென்றிக்சன். தபால் பெட்டிக்காரம்மா. உன் கடிதங்களையும் அவள்தான் இன்று வாசித்துக் காட்டினாள். தடித்த பேனா எழுத்தையும் என்னால் இப்போது முழுக்க வாசிக்க முடியவில்லை. உடம்பு மற்றபடி சுகம்.

(பெட்டி நகரவில்லை. - எழுதுபவர்.)

பள்ளி திறப்பதற்கு முன் காலி பஸ்ஸோடு ஒரு தடவை முழுப் பாதையும் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். புதன்கிழமை எடுத்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, கதவைத் திறந்து, மூடினேன். எல்லாம் அளவாகப் போனது. ஒடெட் வீட்டு நிறுத்தத்தில் யாருமில்லை. கதவை மூடி, பஸ்ஸை நகர்த்தினேன்.

பக்கத்துத் தகரத்தில் யாரோ தட்டினார்கள். நிறுத்தினேன். கதவைத் திறந்தால் அவள்தான். சைக்கிளோடு நிற்கிறாள். பஸ்ஸுக்கு முன்னால் நின்று கை காட்டினாளாம். நான் நேராக அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேனாம். அவள்தான் விலகி ஓடியிருக்கிறாள்.

"மிஸ்டர் டபிள்யூ, என்னைப் பாக்கலியா?" என்றாள்.

"வெளையாட்டுக்குடி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் சிரிப்பவள்.

அக்கா, எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருப்பதில்லை. நடுவில் ஈரக் கையால் தொட்ட மாதிரி ஒரு கறை. ஓரத்தில் மரம், ஏரி, வேலி எல்லாம் தெரிகிறது. அதனால்தான் பாதையை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஓரத்தில் நிற்கவில்லை, நடுவில் நின்றாள்.

பஸ்ஸைப் பிள்ளையின் வீட்டு முன்னாலேயே நிறுத்திவிட்டு இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்தேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பள்ளியில் கேட்டதற்கு இஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இன்னொரு சாவியை வைத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

இப்போது பேரத்துக்கு வருகிறேன். கார்மன் மட்டும் போதாது. நீ நல்ல விலை சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெரான்டோவையும் திருப்பிக் கொடு. அவன் நான் கண்டுபிடித்தவன், கண் இருந்தபோது. ரெஜி டவ்வை நீ எடுத்துக்கொள், எனக்கு அவன் பெயரே கேட்க வேண்டாம்.

அதுவும் போதாது. பொடி எழுத்து இல்லாமல் நான் எதை வைத்து அணி நடத்துவேன்? இருபத்து மூன்று பேரும் உதிரியாகத்தான் போவார்கள், நானும் கூடப் போவேன். அதற்கு நீ ஒரு வழி சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன். சொல்லாவிட்டால் கார்மனை நீயே வைத்துக்கொள்.

(இவர் சாப்பிட்டாரா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். - எழுதுபவர்.)

வெண்டல்

*

டொலீடோ
ஆகஸ்ட் 29

ஏரிக்கரை லீக் செயலாளர் மெர்வுக்கு,

சுகம், சுகத்துக்கு வேண்டுகிறேன். இது பழைய அடுப்புகள் அணிக்கும் மஞ்சள் பஸ் அணிக்கும் ஒப்புக்கொண்ட மாற்றம். ஒரு பிரதி வெண்டலுக்கு விரைவுத் தபாலில் போகிறது, திருமதி ஹென்றிக்சன் வாசித்துக் காட்டுவார், அவன் கையெழுத்திட்டு, சரிசெய்த ஆடும் வரிசையோடு, 31-க்குள் முத்திரை குத்தி உனக்கு அனுப்புவான். நேற்றுப் போனில் அரை மணி நேரம் பேசினோம். நான் சொன்னது எல்லாவற்றுக்கும் அவன் "ம்" போட்டான், கடைசி ஒன்றை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். போன் பேரம் செல்லாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் சில உன் விதிப் புத்தகத்தில் இல்லாதவை. இல்லாவிட்டாலும் பதிவு செய். வாக்கெடுப்பு வேண்டுமென்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு.

வெண்டல் தருவது: ரெஜி டவ். பஸ் சாவி, சனிக்கிழமைக்குள், பள்ளி மேலாளரின் கையில், வெண்டலே நேரில் போய், கண்ணைப் பற்றி அவன் வாயாலேயே சொல்லி. பிறகு மிசூலாவில் கண் டாக்டர், எழுத்துப் பலகை புதிதாக இருக்கும் இடம். அழைத்துப் போவது திருமதி ஹென்றிக்சன்.

ஆர்லீன் தருவது: இசாயா கார்மன், லூ பெரான்டோ. மேசை மேல் இருந்த ஸ்டாம்பு ஒட்டிய உறை, கிழித்தது. ஒவ்வொரு ஞாயிறும் என் செலவில் ஒரு போன், பேப்பரின் பொடி எழுத்து முழுவதும், யார் ஏறினான், யார் இறங்கினான், யார் குணமானான், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பது. எனக்கு வேண்டியவன் பெயரையும் விழுங்காமல் வாசிப்பது. அதில் வெண்டல் "இவன்" என்று நிறுத்தும் ஆளுக்கு, அந்த வாரம் பழைய அடுப்புகள் அணி விலை கேட்காது.